மூன்று அகலம் கண்ட ஊர்

ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் ஓடும் ரயில்களும், இல்லாமல் போன ரயில்களும்

ஓசூருக்கு ரயில் மூன்று முறை வந்திருக்கிறது. 1913-ல் முதன்முதலாக வந்தபோது இரு தண்டவாளங்களுக்கும் நடுவே இரண்டரை அடிதான், 762 மில்லிமீட்டர். 1941-ல் அது போய்விட்டது. 1960களில் போட்ட பாதை மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். 1990களில் அதையும் பிரித்துவிட்டு அகலப் பாதை போட்டார்கள், 1,676 மில்லிமீட்டர். ரயில்வேயின் எஞ்சின் குறியீட்டில் இரண்டரை அடிக்கு இசட், மீட்டர் கேஜுக்கு ஒய், அகலப் பாதைக்கு டபிள்யூ. எழுத்து வரிசையைப் பின்னோக்கிப் படித்ததுபோல மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்த ஊர் இது. நடுவில் இருபது ஆண்டுகள் போலத் தண்டவாளமே இல்லாமலும் கிடந்த ஊர்.

இன்று இதே ஊரில் லாரி செய்கிறார்கள், இருசக்கர வாகனம் செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள், செல்போன் பாகம் செய்கிறார்கள். 1970களில் சிப்காட் வந்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டனும் வந்தன. இப்போது மின்சார ஸ்கூட்டர்களின் காலம்; ஏத்தர் ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளிப் பக்கமும் ஆலை வைத்திருக்கின்றன. இவ்வளவு பொருள் பிறக்கும் ஊரின் ரயில் நிலையத்தில் சரக்கு மலைபோலக் குவிந்திருக்கும் என்றுதான் வெளியூர்க்காரர் நினைப்பார். போய் நின்றால் காலையில் பெங்களூருவுக்கு வேலைக்கு ஓடுகிறவர்களின் கூட்டம்தான் தெரியும். சரக்கெல்லாம் நெடுஞ்சாலையில் லாரி ஏறிப் போகிறது.

ரயில் பார்க்கப் போவது சிறுபிள்ளை ஆசை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஊரைப் படிக்கும் வழி. எந்த லூப்பில், அதாவது நிலையத்தின் பக்கத் தடத்தில், எந்த வண்டி காத்து நிற்கிறது, எஞ்சின் எந்த லோகோ ஷெட்டைச் சேர்ந்தது, சிக்னல் ஏன் மஞ்சளில் நிற்கிறது என்று பொறுமையாகக் கவனித்தால், இந்த ஊரின் சரக்கு ஏன் சாலைக்குப் போனது என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கிராசிங்

சேலத்திலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரும் ரயிலில் ஏறியவர்கள் எல்லோரும் இதை அனுபவித்திருப்பார்கள். ராயக்கோட்டையிலோ கேளமங்கலத்திலோ பெரியநாகதுணையிலோ வண்டி நிற்கும். இறங்குகிறவர் யாருமில்லை, ஏறுகிறவரும் இல்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். "கிராசிங் போட்டுட்டான்" என்று யாரோ சலித்துக்கொள்வார்கள். பெட்டி முழுக்க அந்தச் சலிப்பு பரவும்.

ரயில் ரசிகர்கள் இறங்கி நிற்பது அந்த நேரத்தில்தான். ஓமலூரிலிருந்து ஓசூர் வரை இன்னும் ஒற்றைத் தடம். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்பது மாறாத விதி. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்தால், ஒன்று ஏதாவதொரு நிலையத்தின் லூப் லைனில் ஒதுங்கியே ஆக வேண்டும். எது ஒதுங்குவது என்பதை பெங்களூரு கோட்டத்தின் கன்ட்ரோல் அறையில் இருப்பவர் முடிவுசெய்கிறார். அந்த முடிவு நமக்கு விளக்கின் நிறமாக வந்து சேர்கிறது.

லூப்பில் ஒதுங்கும் வண்டிக்கு, நிலையத்துக்கு முன்பே வரும் டிஸ்டன்ட் சிக்னல் இரட்டை மஞ்சள் காட்டும். நிலையத்தின் நுழைவில் உள்ள ஹோம் சிக்னலில் ஒற்றை மஞ்சள். கூடவே அதன் தலையில் சாய்வாக வெள்ளை விளக்குகள் வரிசையாக எரியும். நேர்வழி இல்லை, பக்கவழியில் திரும்பப் போகிறாய் என்று ஓட்டுநருக்கு அது சொல்கிறது. வண்டி ஊர்ந்து வந்து, புறப்படும் முனையில் உள்ள ஸ்டார்ட்டர் சிக்னலின் சிவப்பு முன்னால் நிற்கும். பிறகு நிலைய அதிகாரி எதிர்வண்டிக்கு வழிவிடுவார். மெயின் லைனில் வரிசையாகப் பச்சை விழும். அதுவரை சோம்பிக் கிடந்த நிலையம் நிமிர்ந்து உட்காரும். பாயின்ட்ஸ்மேன் ஒரு பக்கம், அதிகாரி மறு பக்கம், கையில் பச்சைக் கொடி. வேகமாகக் கடக்கும் வண்டியின் எஞ்சினிலிருந்தும் கடைசிப் பெட்டியிலிருந்தும் பதில் கொடி அசையும். கடைசிப் பெட்டியின் பின்னால் எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள், கடைசிப் பெட்டி) என்ற பலகை இருக்கிறதா என்று பார்ப்பது இந்தச் சடங்கின் முக்கியமான பகுதி. அது இருந்தால் வண்டி முழுதாக வந்துவிட்டது. வழியில் எந்தப் பெட்டியும் அறுந்து நிற்கவில்லை.

இப்போது அச்சு எண்ணும் கருவிகளும் மின்னணு இன்டர்லாக்கிங்கும் வந்திருக்கின்றன. முன்பு ஒற்றைத் தடங்களில் டோக்கன் முறை இருந்தது. இரண்டு நிலையங்களிலும் ஒன்றோடொன்று கம்பியால் இணைந்த கருவி இருக்கும். இரு பக்க அதிகாரிகளும் ஒப்புக்கொண்டால்தான் ஒரு இரும்புப் பந்து வெளியே வரும். அந்தப் பந்தைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஓட்டுநர் கைக்குக் கொடுப்பார்கள். பந்து கையில் இருந்தால்தான் பாதை அவருடையது. ஒரே சமயத்தில் இரண்டு பந்துகள் வெளியே வராது. எத்தனையோ உயிர்களைக் காத்த ஏற்பாடு அது. மனிதன் தவறுவான் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு செய்த கருவி. சிக்னல் தொழில்நுட்பத்தில் என்னை இன்றும் ஈர்ப்பது இந்த அடக்கம்தான்.

இதை ஒருமுறை புரிந்துகொண்டவருக்குக் கிராசிங் சலிப்பாக இருக்காது. ஆனால் இன்னொன்றும் உறைக்கும். ஒரு நாளில் ஒற்றைத் தடம் தாங்கக்கூடிய வண்டிகளுக்கு எல்லை உண்டு. கோவை – பெங்களூரு வந்தே பாரத் 2023 டிசம்பர் 30-ல் தொடங்கி இந்தப் பாதையில்தான் ஓடுகிறது. எர்ணாகுளம் இன்டர்சிட்டி, கண்ணூர், தூத்துக்குடி, நாகர்கோவில் வண்டிகள், எல்லோரும் இன்னும் குர்லா என்றே அழைக்கும் மும்பை – கோவை எக்ஸ்பிரஸ் எல்லாம் இதே இரண்டு தண்டவாளங்களைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. இதற்கு நடுவில் உள்ளூர்ப் பயணிகளுக்கான வண்டியை நுழைக்க வேண்டும். சரக்கு வண்டியையும் நுழைக்க வேண்டும். விரைவு வண்டிகள் நேரம் தவறக் கூடாது என்றால் ஒதுங்கி நிற்பது யார்? சரக்கு வண்டிதான்.

ஏற்றம்

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர். நடுவில் தொப்பூர் கணவாய். மஞ்சள் பெயர்ப் பலகைகளின் அடியில் எழுதியிருக்கும் உயரத்தை நிலையத்துக்கு நிலையம் குறித்துக்கொண்டே வந்தால், வரைபடம் இல்லாமலே இந்த மலையேற்றத்தைத் தாளில் வரைந்துவிடலாம். சிறுபிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் இதைச் செய்துபாருங்கள். வகுப்பறையில் வராத புவியியல் அதில் வரும்.

டீசல் காலத்தில் இந்த ஏற்றத்தைக் காதாலேயே அறியலாம். சிவாடிக்குக் கீழே வண்டி வரும்போதே எஞ்சினின் இழுப்பு பாறைகளில் மோதிக் கேட்கும். சில ஆண்டுகளுக்கு முன் பாதை மின்மயமானது. இப்போது ஏற்றத்தில் எஞ்சின் திணறுவதில்லை, புகையும் இல்லை. பழைய ஆல்கோ டீசல்களின் இரைச்சல் போய்விட்டதே என்று வருந்தும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கும் அந்த ஒலி பிடிக்கும். ஆனாலும் இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ரயில் நம்முடைய ரசனைக்காக ஓடவில்லை. எஞ்சின் பார்ப்பவர்களுக்கு இப்போதும் வேலை இருக்கிறது. பக்கவாட்டில் ஈரோடு, ராயபுரம், அரக்கோணம், கிருஷ்ணராஜபுரம் என்று ஷெட்டின் பெயர் எழுதியிருக்கும். டீசலுக்கென்றே இருந்த கிருஷ்ணராஜபுரம் ஷெட் மின்சார எஞ்சின்களையும் பராமரிக்கத் தொடங்கிவிட்டது என்பதை அந்தப் பெயர்களைக் கவனித்தவர்கள் செய்தித்தாளுக்கு முன்பே தெரிந்துகொண்டார்கள்.

நின்று பார்க்கச் சிறந்த இடம் எது என்று கேட்டால் ராயக்கோட்டை என்பேன். ஊருக்கு மேலே குன்றின்மீது, 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை. கீழே தக்காளிச் சந்தை; தமிழ்நாட்டின் பெரிய தக்காளி வரத்துகளில் ஒன்று இங்கே. காலையில் சந்தையின் இரைச்சல் ஓய்ந்த பிறகு நிலையத்துக்குப் போனால் இரண்டு பக்கமும் வளைந்துபோகும் பாதை தெளிவாகத் தெரியும்.

அழகான இந்தப் பாதை ஆபத்தும் நிறைந்தது. 2015 பிப்ரவரி 13 காலை, பெங்களூருவிலிருந்து எர்ணாகுளம் சென்ற இன்டர்சிட்டி, ஓசூருக்குச் சற்று முன்பு ஆனேக்கல் அருகே தடம்புரண்டது. பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பலர் இறந்தார்கள். 2021 நவம்பர் 12 விடியற்காலையில், தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே மழையில் சரிந்த பாறைகள் கண்ணூர் – யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸைத் தடம்புரள வைத்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் உயிர் தப்பினார்கள். ஓசூரைச் சுற்றி யானைகளின் நடமாட்டமும் உண்டு. பன்னேருகட்டா பக்கத்துக் காடுகளிலிருந்து ஆண்டுதோறும் கூட்டமாக இறங்கி, சானமாவுக் காட்டில் தங்கிப் போகின்றன. அவற்றின் வழியைத் தண்டவாளமும் நெடுஞ்சாலையும் வெட்டிச் செல்கின்றன. தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் தன் பகுதித் தடத்தை நடந்தே சரிபார்க்கும் கீமேனை இந்தப் பாதையில் பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லுங்கள். நம் பயணத்தை அவர் கால்கள்தான் முதலில் நடந்துபார்க்கின்றன.

ஒரு மாவட்டம், இரண்டு ரயில்வே

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஓசூர் பாதை. கிழக்கு ஓரத்தில், ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகும் பாதை. சாமல்பட்டி, தாசம்பட்டி நிலையங்கள் அதில் வருகின்றன. ஓசூர் பாதை ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது. 2003-ல் அந்த மண்டலம் உருவானபோது தர்மபுரியும் ஓசூரும் அதனோடு போயின. சாமல்பட்டியோ தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில். ஒரே மாவட்டத்து மக்கள் ஒரு கோரிக்கைக்கு ஹூப்ளிக்கும், இன்னொன்றுக்குச் சென்னைக்கும் மனு எழுத வேண்டியிருக்கிறது.

சாமல்பட்டியில் ஒரு மதியம் நின்றால் ஓசூருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிடும். இரட்டைப் பாதை. சென்னையிலிருந்து கோவைக்கும் கேரளத்துக்கும் போகும் வண்டிகள் மூச்சுவிடாமல் வரும். கூடவே மூடிய பி.சி.என். வேகன்கள், நிலக்கரி ஏற்றும் பி.ஓ.எக்ஸ்.என். வேகன்கள், எண்ணெய் டாங்கர்கள், கன்டெய்னர்கள். கிராசிங் என்ற பேச்சே இல்லை. இன்னும் வடக்கே, ஜோலார்பேட்டை யார்டு ரயில் ரசிகர்களுக்குத் திருவிழா. 1864-ல் பெங்களூருவுக்குப் பாதை திரும்பிய நாளிலிருந்து அது சந்திப்பு. 2019 ஜூலையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, 50 வேகன்களில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் காவிரி நீரை வில்லிவாக்கத்துக்கு அனுப்பியது இந்த ஜோலார்பேட்டையிலிருந்துதான். பாதையும் யார்டும் தயாராக இருந்ததால்தான் சில வாரங்களில் அந்த வேலையைத் தொடங்க முடிந்தது.

இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவில் இருப்பது கிருஷ்ணகிரி நகரம். ஸ்ரீநகர் – கன்னியாகுமரி நெடுஞ்சாலை அங்கே வருகிறது. டெல்லியிலிருந்து பெங்களூரு வழியாகச் சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலை அங்கே வருகிறது. திண்டிவனம் சாலையும் குப்பம் சாலையும் அங்கிருந்து பிரிகின்றன. ரயில் மட்டும் இல்லை. மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையம் கிடையாது. ஓசூர்க்காரர் சென்னைக்கு ரயிலில் போக வேண்டுமானால், வடமேற்கே பெங்களூரு போய், அங்கிருந்து திரும்பிக் கிழக்கே வர வேண்டும். பேருந்தில் ஏறுகிறவரை யார் குறைசொல்ல முடியும்?

கிருஷ்ணகிரிக்கு ரயில் இருந்தது

இதைச் சொல்லும்போது பலர் நம்புவதில்லை. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு, சுமார் 40 கிலோமீட்டருக்கு, இரண்டரை அடி அகலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இன்னொன்று. அதைத்தான் 1913-ல் ஓசூர் வரை நீட்டினார்கள்.

இவை லாபத்துக்காகப் போட்ட பாதைகள் அல்ல. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் சீரழிந்தது. வேறு இடத்தில் தானியம் இருந்தும், வண்டி மாடுகளும் செத்துப்போன நிலையில், பசித்த ஊருக்கு அதைக் கொண்டுசேர்க்க வழியில்லை. அதன்பின் அமைந்த பஞ்ச ஆணையம், வறண்ட மாவட்டங்களுக்குள் ரயில் போக வேண்டும் என்றது. குறைந்த செலவில் சீக்கிரம் போடலாம் என்பதால் குறுகிய அகலம். பஞ்சத் தடுப்பு ரயில் என்றே அரசுப் பதிவுகள் இவற்றை வகைப்படுத்தின.

பிறகு மோட்டார் பேருந்து வந்தது. குட்டி ரயிலைவிட அது வேகமாக, வீட்டு வாசல் பக்கம்வரை போனது. கிருஷ்ணகிரி ரயில் 1930களின் நடுவில் நின்றது. மொரப்பூர் – ஓசூர் ரயில் 1941-ல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள்.

எல்லைக்கு அந்தப்பக்கம் கோலாரில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பங்காருப்பேட்டையிலிருந்து கோலார், சிக்கபள்ளாப்பூர் வழியாக எலஹங்காவுக்கு இதே இரண்டரை அடியில் ஓடிய குட்டி ரயிலும் நட்டத்தில்தான் ஓடியது. ஆனால் அதை விட்டுவைத்தார்கள். அதனால் பின்னாளில் அதே தடத்தை அகலப் பாதையாக மாற்ற முடிந்தது. நிலம் ரயில்வேயின் கையில் இருந்தது என்பதே பாதி வேலை முடிந்ததற்குச் சமம். நம் பக்கம் தண்டவாளத்தோடு அந்த உரிமையும் போயிற்று. 36 கிலோமீட்டர் மொரப்பூர் – தர்மபுரி இணைப்பை மீண்டும் போட 2019-ல் அடிக்கல் நாட்டி, ஒரு காலத்தில் இருந்த பாதைக்கு மறுபடி நிலம் எடுக்க வேண்டியதாயிற்று. ஜோலார்பேட்டை – கிருஷ்ணகிரி – ஓசூர் பாதையோ பல தேர்தல்களைக் கடந்து இன்னும் ஆய்வு என்ற நிலையிலேயே நிற்கிறது.

ஓசூரின் ஆலைகள் வந்த கணக்கையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அவை வந்த 1970களிலும் 80களிலும் ஊரில் இருந்தது மீட்டர் கேஜ், அதுவும் ஒற்றைத் தடம். சென்னைக்கும் மும்பைக்கும் டெல்லிக்கும் போகும் முக்கியத் தடங்கள் அகலப் பாதை. ஒன்றிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றும் தொல்லைக்கு எந்த ஆலை சம்மதிக்கும்? நெடுஞ்சாலை வாசலிலேயே இருந்தது. லாரிக்குப் பழகிவிட்ட தொழில், அகலப் பாதை வந்த பிறகும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓசூரின் போக்குவரத்து நெரிசல், சூளகிரி முதல் அத்திப்பள்ளி வரை நீளும் லாரி வரிசை, எல்லாவற்றுக்கும் ஒரு வேர் இந்தத் தண்டவாள வரலாற்றில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மாற்றம் வடக்கிலிருந்து வருகிறது. பையப்பனஹள்ளி முதல் ஓசூர் வரை 48 கிலோமீட்டருக்கு இரட்டைப் பாதை வேலை கட்டம் கட்டமாக நடக்கிறது. பெங்களூருவின் புறநகர் ரயில் திட்டத்தில் நான்கு தடங்களுக்கும் சம்பிகே, மல்லிகே, பாரிஜாதா, கனகா என்று பூக்களின் பெயர்கள். கனகா தடம் ராஜனுகுண்டேயிலிருந்து ஹீலலிகே வரை வந்து, ஓசூருக்குச் சில நிலையங்கள் முன்னதாக நின்றுவிடுகிறது. ரோஜாவுக்குப் பேர்போன ஓசூர்வரை அதை நீட்டச் சொல்லி இங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான கோரிக்கை. காலை வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தவர் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் இரட்டைப் பாதை ஓசூரோடு நின்றுவிட்டால், கேளமங்கலத்திலும் ராயக்கோட்டையிலும் வண்டிகள் காத்திருப்பது தொடரும். தர்மபுரி வரை, ஓமலூர் வரை அது போயாக வேண்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

10 ரூபாய் நடைமேடைச் சீட்டு இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். நடைமேடை, நடை மேம்பாலம், சாலை மேம்பாலம் போதும். தண்டவாளத்தில் இறங்காதீர்கள், ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி அது குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ கிடைக்கும். மின்சார வண்டி சத்தமில்லாமல் வரும் என்பது சட்டத்தைவிடப் பெரிய காரணம். படம் எடுக்குமுன் நிலைய அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் வேலையில் குறுக்கிடாமல் நின்றால், கிராசிங் முடிந்து ஓய்வான நேரத்தில் அவரே இரண்டு விஷயம் சொல்லித்தருவார்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதற்கு அவசரமும் உண்டு. பழைய குட்டி ரயிலின் மண்மேடுகளும் கல் மதகுகளும் இந்த மாவட்டங்களில் இங்கும் அங்கும் இருக்கின்றன. மனை பிரிக்கும் வேகத்தில் அவை ஒவ்வொன்றாகச் சமமாகிவருகின்றன. 1941-ல் அந்த ரயிலில் ஏறிய எட்டு வயதுப் பிள்ளைக்கு இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும். ராயக்கோட்டையிலோ பாலக்கோட்டிலோ மாரண்டஹள்ளியிலோ உங்கள் வீட்டில் அப்படியொரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அடுத்த முறை போகும்போது கைப்பேசியில் அவர்கள் பேச்சைப் பதிவுசெய்யுங்கள். நிலையம் எந்த இடத்தில் இருந்தது, சீட்டு என்ன விலை, எந்த நேரத்துக்கு வண்டி வரும், எந்த மதகில் அது மெதுவாகப் போகும் என்று கேளுங்கள். அந்த மதகு இன்னும் இருந்தால் அதன்முன் அவர்களை நிறுத்தி ஒரு படம் எடுங்கள். இடத்தையும் தேதியையும் படத்தின் கீழே எழுதிவையுங்கள்.